டேனிஷ்–மலகாஸி: அன்றாட வாக்கியங்களை எந்த வழியில் கொண்டுபோவது?

டேனிஷில் "வி ஸ்பீஸர் நு" என்றால் "இப்போது சாப்பிடுகிறோம்". மூன்றே சொல். இதை வைத்து ஒரு முறை நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

மடகாஸ்கரிலிருந்து வரும் விருந்தினர்களை வீட்டில் தங்கவைக்கும் டேனிஷ் குடும்பங்களுக்காக ஒரு சின்னக் கையேடு. அறுபது வாக்கியம். ஒருங்கிணைக்கும் வேலை என்னுடையது. வேலை கொடுத்த நிறுவனம் டேனிஷை ஒருவரிடம் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை இன்னொருவரிடம் மடகாஸ்கர் மொழியான மலகாஸியாக்கி வைத்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் மடகாஸ்கர் தலைநகர் அன்டனனரிவு ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் வாசித்துக் காட்டினேன். இந்த வாக்கியம் வந்ததும் சிரித்துவிட்டார். "விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்களா, இல்லை எழுந்து போகச் சொல்கிறார்களா?"

தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். மலகாஸியில் 'இசிகா' என்றால் நாம். 'இஸஹாய்' என்றால் நாங்கள். கையேட்டில் இருந்தது இஸஹாய். அதாவது, "நாங்க சாப்பிடப் போறோம்." விருந்தாளி என்ன செய்வார்? டேனிஷில் இரண்டுக்கும் ஒரே 'வி'தான். நடுவில் வந்த ஆங்கிலத்திலும் ஒன்றுதான். மொழிபெயர்த்த இருவரும் தப்பே செய்யவில்லை, ஆனால் வாக்கியம் தப்பு.

இந்தக் கதையை எங்கோ சொன்னதிலிருந்து இந்த ஜோடி மொழி பற்றி அவ்வப்போது கேள்வி வருகிறது. ஒருவர் வனிலா வாங்க மடகாஸ்கரின் வடகிழக்குக் கரையிலுள்ள சம்பாவா பக்கம் போகிறார். ஒருவர் லூத்தரன் சபை வேலையாக மூன்று மாதம் தங்கப் போகிறார். இன்னொருவருக்கு மலகாஸி மருமகள் வந்திருக்கிறாள், அவளுடைய அம்மா அடுத்த மாதம் டென்மார்க் வருகிறார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: செயலி போதுமா, ஆள் பிடிக்கணுமா, பிரெஞ்சு வழியாகப் போகலாமா?

(டேனிஷ், மலகாஸிச் சொற்களைத் தமிழில் தோராயமாகத்தான் எழுத முடிகிறது. இரண்டுமே எழுத்தில் ஒரு மாதிரி, காதில் வேறு மாதிரி. அதற்குப் பின்னால் வருகிறேன்.)

முதலில், எதை வைத்து அளப்பது?

விலையும் வேகமும் எல்லோரும் பார்ப்பதுதான். இந்த ஜோடிக்கு அவற்றைவிட முக்கியமான அளவுகோல் ஒன்று இருக்கிறது: ஒரு வாக்கியத்தில் எது, எங்கே தொலைகிறது?

தொலைவது இரண்டு வகை. முதல் வகை, நடுவழியில் தொலைவது. டேனிஷில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் 'டு', பலரைப் பார்த்துச் சொன்னால் 'ஈ'. மலகாஸியிலும் அப்படியே: ஒருவருக்கு 'இயனாவ்', பலருக்கு 'இயனரேவு'. இரண்டு கரையிலும் வேறுபாடு இருக்கிறது, நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் இல்லை. "நாளைக்கு வருகிறீர்களா?" என்று குடும்பத்தையே கூப்பிட்டது, ஆங்கிலத்தைக் கடந்து மலகாஸிக்குப் போகும்போது "நீ மட்டும் வருகிறாயா?" ஆகிவிடலாம். இந்த வகை இழப்பை, நேர்வழியில் போனால் தடுக்கலாம்.

இரண்டாவது வகை, மூல வாக்கியத்தில் இல்லவே இல்லாதது. மேலே சொன்ன 'வி' அந்த ரகம். டேனிஷ்காரர் "மின் ப்ரோர்" என்று தன் சகோதரனைச் சொன்னால், மலகாஸிக்கு முதலில் தெரிய வேண்டியது சொல்வது ஆணா பெண்ணா என்பது. ஆண் தன் சகோதரனை 'ரஹலாஹி' என்பான், பெண் 'அனடாஹி' என்பாள். சகோதரிக்கும் இதே கதை: ஆண் சொன்னால் 'அனபாவி', பெண் சொன்னால் 'ரஹவாவி'. மூத்தவரா இளையவரா என்று சொல்ல 'ஸுகி', 'ஸாண்ட்ரி' என்று வேறு இரண்டு சொல். அண்ணன் தம்பி என்று வளர்ந்த நமக்கு இது பழகின வீடு. டேனிஷிலும் 'ஸ்டோரெப்ரோர்', 'லில்லெப்ரோர்' என்று அண்ணனையும் தம்பியையும் பிரித்துச் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"எப்போது?" என்ற ஒற்றைச் சொல் கேள்வியும் அப்படித்தான். டேனிஷில் 'வொர்னோர்'. மலகாஸியில் நடந்து முடிந்ததைக் கேட்டால் 'உவியானா', நடக்கப்போவதைக் கேட்டால் 'ரஹுவியானா'. 'எங்கே'கூட காலம் பார்க்கும்: இப்போது எங்கே என்றால் 'ஐஸா', எங்கே இருந்தாய் என்றால் 'தைஸா', எங்கே போகிறாய் என்றால் 'ஹு ஐஸா'. இந்த இரண்டாவது வகைக்கு நேர்வழி, சுற்றுவழி எதுவும் உதவாது. யாராவது பேசுபவரிடம் திருப்பிக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிராளியின் பதில் உங்களுக்குப் புரியுமா? இணையம் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? தப்பு நேர்ந்தால் சிரிப்போடு போய்விடுமா, மருந்தளவு மாறிவிடுமா? அப்புறம் பணம், அதில் கண்ணுக்குத் தெரியாத பங்கு எவ்வளவு?

வழி 1: போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி

இது இலவசம், உடனே கிடைக்கும், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். கூகுள் மொழிபெயர்ப்பில் மலகாஸி 2014 டிசம்பரில் சேர்ந்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022-இல் வெளியிட்ட இருநூறு மொழி இயந்திர மொழிபெயர்ப்பு மாதிரியிலும் டேனிஷ், மலகாஸி இரண்டும் உண்டு. ஆகவே "இந்த மொழிக்கெல்லாம் செயலி இருக்குமா" என்று தயங்க வேண்டாம், இருக்கிறது.

திரையில் ஒரு பக்கம் டேனிஷ், மறுபக்கம் மலகாஸி என்று தெரிவதால் நேராகப் போவதாக நினைத்துவிடுகிறோம். டேனிஷையும் மலகாஸியையும் நேருக்கு நேர் வைத்த எழுத்து உலகத்தில் மிகக் குறைவு. ஆங்கிலத்தோடு சேர்த்த டேனிஷ் நிறைய, ஆங்கிலத்தோடு சேர்த்த மலகாஸி ஓரளவு. அதனால் ஆங்கிலம் வெளிப்படையாக நடுவில் நிற்காவிட்டாலும் அதன் நிழல் விழும்.

நிழல் எங்கே விழும் என்று தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. மணியை எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷில் 'ஹல் த்ரெ' என்பதன் சொல்லுக்குச் சொல் பொருள் 'அரை மூன்று', குறிப்பது இரண்டரை மணி. பிரிட்டிஷ் பேச்சு ஆங்கிலத்தில் அதே 'அரை மூன்று' மூன்றரை மணி. மலகாஸியோ நம்மைப் போல 'ருவா சி சசானி', இரண்டும் பாதியும், என்று சொல்லும். நடுவில் யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஒரு மணி நேரம் காணாமல் போகும், பேருந்தும் போய்விடும். செயலியில் மணியை ஒருபோதும் சொல்லால் எழுதாதீர்கள். 14:30 என்று எண்ணால் எழுதுங்கள்.

'டாக்' இன்னொரு குழி. டேனிஷில் 'தயவுசெய்து' என்பதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. காபி கேட்பவர் "ஒரு காபி, டாக்" என்பார். டாக் என்றால் நன்றி. இது அப்படியே மலகாஸிக்குப் போனால் "ஒரு காபி, மிசோட்ர" ஆகும். அங்கே வர வேண்டியது 'அஸஃபாடி'. இந்தச் சொல்லுக்குள் 'ஃபாடி', அதாவது விலக்கு, தீட்டு என்ற பொருள் உட்கார்ந்திருக்கிறது. 'எனக்குக் குற்றமாகாமல் இருக்கட்டும்' என்பது போன்ற பணிவு. கேட்கும்போதும், நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குனிந்து கையை நீட்டிக் குறுக்கே நடக்கும்போதும் இதே சொல்தான். தண்ணீர் வேண்டுமானால் "உமெவு ரானு ஆஹு, அஸஃபாடி". டேனிஷ்காரர் 'ஒன்ஸ்க்யுல்' என்று ஒரே சொல்லில் வழியும் கேட்பார், மன்னிப்பும் கேட்பார். மலகாஸியில் காலை மிதித்துவிட்டு மனதார வருத்தம் சொல்ல 'மியாலா த்சீனி' என்று வேறு இருக்கிறது.

செயலியின் மறைந்த செலவு எது என்று கேட்டால், சரிபார்ப்பு என்பேன். எல்லோரும் செய்யும் தந்திரம், வந்த மலகாஸியைத் திரும்ப டேனிஷுக்கு மாற்றிப் பார்ப்பது. இந்த ஜோடிக்கு அது ஏமாற்றும். இஸஹாய் என்று தப்பாக வந்த வாக்கியத்தைத் திருப்பினால் அழகாக 'வி' என்றே வரும். "சரியாக இருக்கிறதே!" என்று நிம்மதியாக அனுப்பிவிடுவோம். போகும்போது காணாமல் போனது திரும்பும்போதும் காணாமல்தான் இருக்கும், சோதனையில் அது தெரியாது.

எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. மலகாஸியில் 'இஸி' என்றால் அவன், அவள், அவர் எல்லாம். டேனிஷில் 'ஹன்' அல்லது 'ஹுன்' என்று எழுதியே ஆக வேண்டும். செயலி ஏதோ ஒன்றை ஊகிக்கும். மருமகளின் அம்மா தன் மகளைப் பற்றி அனுப்பிய செய்தி, படிக்கும்போது மகனைப் பற்றியதாகத் தெரியலாம்.

வட்டார வழக்கையும் மறக்கக்கூடாது. செயலிகள் தருவது அன்டனனரிவு மேட்டுநிலத்து மலகாஸியை ஒட்டியது. மெட்டா தன் மாதிரியில் அந்த மொழிக்கு வைத்திருக்கும் பெயரே மேட்டுநில மலகாஸி. அங்கே வணக்கம் 'மனௌ அஹோனா'. வனிலா விளையும் வடகிழக்குக் கரையில் 'ம்புலா த்சாரா' காதில் விழும். தீவு முழுக்க உதவும் ஒரு வணக்கம் வேண்டுமானால் 'சலாமா' போதும்.

பலகை, சீட்டு, உணவுப் பட்டியல், "கழிப்பறை எங்கே" போன்ற, தப்பினாலும் நஷ்டமில்லாத வாக்கியங்களுக்கு இதுதான் சரியான வழி. அதற்கு ஆளைக் கூப்பிடுவது வீண்.

வழி 2: சூழலைச் சொல்லிக் கேட்கக்கூடிய அரட்டை ஏ.ஐ.

செயலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதனிடம் கதை சொல்லலாம். "நான் ஐம்பது வயதுப் பெண், மேசையில் மூன்று விருந்தினர், அவர்களையும் சேர்த்துச் சாப்பிடக் கூப்பிடுகிறேன்" என்று எழுதிவிட்டு வாக்கியத்தைக் கேட்டால் இசிகா வர வாய்ப்பு அதிகம். "எனக்குத் தெரியாமல் நீ எதையாவது ஊகித்தாயா, அதைச் சொல்" என்றும் கேட்கலாம். அதாவது, இரண்டாவது வகை இழப்பை ஓரளவு பிடிக்கக்கூடிய ஒரே இயந்திர வழி இது.

ஆனால் கதை சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'வி' இரண்டு வகை என்றே தெரியாத டேனிஷ்காரர் எதைச் சொல்வார்? இந்த விஷயத்தில் தமிழர் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் போதும், நாமா நாங்களா, அண்ணனா தம்பியா என்ற கேள்விகள் தானாக எழும். டென்மார்க்கில் வசிக்கும் ஈழத் தமிழர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த சோதனைக் கருவி.

இதன் குறை, சரளம். தப்பையும் தடுமாறாமல் எழுதும். எழுத்து குறைவாக உள்ள மொழியில் எது சரி, எது சரியைப் போலத் தோன்றுவது என்று பிரிக்க உங்களிடம் அளவுகோல் இல்லை. அதனால் வாக்கியத்தைக் குட்டியாக வையுங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். விளையாட்டுச் சொல், பழமொழி எதையும் கொடுக்க வேண்டாம்.

வழி 3: பிரெஞ்சு வழியாக

மடகாஸ்கரில் மலகாஸியோடு பிரெஞ்சும் ஆட்சிமொழி. (2007-இல் ஆங்கிலமும் மூன்றாவதாகச் சேர்ந்தது, 2010 அரசியலமைப்பில் போய்விட்டது.) அகராதிகள், பாடநூல்கள், பழகிய மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாம் பிரெஞ்சு–மலகாஸி ஜோடியில்தான் குவிந்து கிடக்கின்றன. மலகாஸி பேசுவோர் பிரான்சில் பெருமளவில் வாழ்கிறார்கள். டேனிஷிலிருந்து பிரெஞ்சுக்கு நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதும் கஷ்டமில்லை. ஆக, இரண்டு பாதியும் தனித்தனியாக உறுதியான பாலம்.

ஆங்கிலம் தொலைக்கும் ஒருமை பன்மையைப் பிரெஞ்சு காப்பாற்றும். ஆனால் முழுசாக இல்லை. பிரெஞ்சில் 'வூ' என்பது நம் 'நீங்கள்' போல, பலருக்கும் பொருந்தும், மரியாதைக்கு ஒருவருக்கும் பொருந்தும். இன்றைய டேனிஷில் கிட்டத்தட்ட எல்லோரும் எல்லோருக்கும் 'டு'தான். அதைப் பிரெஞ்சுக்கு மாற்றுபவர் நாகரிகம் கருதி 'வூ' போடுவார். அடுத்தவர் அதைப் பன்மை என்று நினைத்து இயனரேவு போட்டுவிடுவார். 'நாம், நாங்கள்' விஷயத்தில் பிரெஞ்சும் ஆங்கிலம் மாதிரிதான், கைவிரித்துவிடும்.

மறைந்த செலவு, இரண்டு பேருக்குக் கூலி, இரண்டு தடவை காத்திருப்பு, நடுவில் கேள்வி வந்தால் யாரிடம் கேட்பது என்ற குழப்பம். மலகாஸி எழுதுபவருக்கு டேனிஷ் மூலம் கண்ணில் படாது. என் கையேடு கெட்டதே இந்த இடத்தில்தான், நடுவில் நின்ற மொழி ஆங்கிலம் என்பது மட்டும் வித்தியாசம்.

நேருக்கு நேர் பேச்சுக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தால் ஹோட்டல், அலுவலகம், வங்கி எல்லாம் சமாளிக்கலாம். கிராமத்துச் சந்தையில் அதை நம்ப முடியாது.

வழி 4: நார்வே வழி (யாரும் நினைக்காதது)

எனக்குப் பிடித்த வழி இது, பலருக்குத் தேவைப்படாத வழியும் இதுதான். நார்வே மிஷனரிகள் 1866-இல் மடகாஸ்கர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் நார்வேக்காரர் எழுதியது ஏறக்குறைய டேனிஷ் மொழி. அன்ட்சிராபே ஊரில் மிஷனரிப் பிள்ளைகளுக்கு நார்வே பள்ளிக்கூடமே நடந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்து மலகாஸியைத் தெருவில் கற்ற நார்வேக்காரர்கள் உண்டு. மலகாஸிக்கு மிக நெருங்கிய உறவு போர்னியோவில் பேசப்படும் மான்யான் மொழி என்று 1951-இல் காட்டிய ஓட்டோ கிறிஸ்டியன் டாலும் மடகாஸ்கரில் பணியாற்றிய நார்வே மிஷனரிதான்.

டேனிஷ் படிக்கத் தெரிந்தவர் நார்வே எழுத்தைப் பெரும்பாலும் சிரமமில்லாமல் படிப்பார். 'டு', 'ஹல் த்ரெ' போன்றவை இரண்டு மொழியிலும் ஒன்றே. எனவே முதல் வகை இழப்பு மிகக் குறைவு. பிரச்சினை என்னவென்றால், பழைய நூல்களில் ஜெபமும் பிரசங்கமும் நிறைய, சிம் கார்டு ரீசார்ஜ் கிடையாது. டேனிஷும் நார்வே மொழியும் ஒன்றுபோலத் தெரிவதால் வரும் சறுக்கலும் உண்டு. 'ரார்' என்றால் டேனிஷில் இனிமையானவர், நார்வேயில் ஒரு மாதிரியான ஆள். "உங்கள் அம்மா ரொம்ப ரார்" என்று டேனிஷ்காரர் எழுதியதை நார்வேக்காரர் மலகாஸியாக்கினால் சம்பந்தி உறவு அன்றோடு சரி.

சபை சார்ந்த வேலையாகப் போகிறவருக்கு இது தங்கம். நூலுக்காக இல்லை, ஆளுக்காக. மலகாஸி தெரிந்த நார்வேக்காரர் ஒருவர் அறிமுகமானால் அவரிடம் டேனிஷிலேயே கேட்கலாம்.

வழி 5: மலகாஸி பேசுபவர் ஒருவர்

டேனிஷும் மலகாஸியும் சமமாகத் தெரிந்த ஆள் அபூர்வம். அவரைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். மலகாஸி தாய்மொழி, கூடவே உங்களுக்குத் தெரிந்த ஒரு மொழி, அது போதும். ஆளின் மதிப்பு அகராதியில் இல்லை, "யாரிடம் சொல்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்பதில் இருக்கிறது. கேட்காமலே முழுப் பட்டியலையும் மொழிபெயர்த்துக் கொடுப்பவர் என்றால், காசு கொடுத்துச் செயலியை வாங்கினீர்கள் என்று அர்த்தம்.

கேட்கச் சோம்பல்படுபவரையும் கேட்கவைக்கலாம். கையேடு கெட்டதற்குப் பின் நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு எழுதுகிறேன். அந்த முதல் வாக்கியத்துக்கு எழுதியது இது:

"வி ஸ்பீஸர் நு. பேசுபவர் வீட்டுக்கார அம்மா. கேட்பவர்கள் மூன்று பேர், பெரியவர்கள். அவர்களையும் சேர்த்து. தகவல் இல்லை, அழைப்பு."

திரும்பி வந்தது: "அண்டாவ் ஹிசகாஃபு இசிகா." வாங்க, நாம் சாப்பிடலாம். டேனிஷ் வாக்கியத்தின் 'இப்போது' இதில் இல்லை, அதில் இல்லாத 'வாங்க' இருக்கிறது, ஆனால் அந்த அம்மா சொல்ல வந்தது இதைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு டேனிஷ் வீடுகளில் "டாக் ஃபொ மத்" சொல்வது கட்டாயப் பழக்கம், சாப்பாட்டுக்கு நன்றி. சமைத்தவர் 'வெல்பெகொம்மெ' என்பார். மலகாஸியில் இதை எப்படிச் சொல்வது என்று மலகாஸிக்காரரிடம் கேட்டேன். "மிசோட்ர சொல்லலாம், தப்பில்லை. ஆனால் 'வுகி' என்று சொல்லிப் பாருங்கள், அந்த அம்மா முகத்தைப் பாருங்கள்" என்றார். வயிறு நிறைஞ்சது. செயலிக்கு இந்த யோசனை வராது.

உச்சரிப்பும் இந்த வழியில்தான் கிடைக்கும். 1823-இல் மன்னர் முதலாம் ரடாமா மலகாஸிக்கு லத்தீன் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். அதில் 'ஓ' என்று எழுதியிருப்பதை 'உ' என்று வாசிக்க வேண்டும், சொல்லின் கடைசி உயிரெழுத்தோ பாதி விழுங்கப்படும். 'வெலோமா' என்று பார்த்து வாசித்து விடைபெற்றால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் விழிப்பார். அது 'வெலும்'. டேனிஷும் சளைத்ததில்லை: மேலே 'மத்' என்று எழுதினேனே, காதில் அது 'மல்' போலத்தான் விழும். அதனால் எழுத்தை மட்டும் வாங்காதீர்கள், ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் குரலில் போனில் பதிந்து வாங்குங்கள். பாதி மணி நேர வேலை.

செலவு? பெரும்பாலானவர்கள் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருப்பார்கள். பத்து வாக்கியத்துக்கும் நூறு வாக்கியத்துக்கும் பில் ஒன்றாக வரலாம். எனவே சேர்த்துவைத்து ஒரே தடவையாகக் கொடுங்கள். அவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: அன்டனனரிவுக்காரர் எழுதியது சம்பாவாவில் புரியும், ஆனால் வெளியூர்க்காரர் பேச்சு என்று தெரியும். இன்னொன்று, வீட்டில் மலகாஸி தெரிந்த ஒரே ஆள் மருமகள் என்றால் எல்லாப் பேச்சும் அவள் தலையில் விழும். கல்யாண வீட்டில் சமையலறைக்கும் பந்திக்கும் ஓடுகிற பெண் மாதிரி. காசு போகாது, அவள் களைத்துப் போவாள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நடுவழி இழப்பு | திருப்பிக் கேட்குமா | பதில் புரிய உதவுமா | பணம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| செயலி | அதிகம் | கேட்காது | ஓரளவு | இல்லை | பொய் நிம்மதி தரும் சரிபார்ப்பு |
| அரட்டை ஏ.ஐ. | நடுத்தரம் | சொன்னால் கேட்கும் | ஓரளவு | இல்லை அல்லது கொஞ்சம் | சரளமான தப்பு |
| பிரெஞ்சு வழி | கொஞ்சம் | பாதிதான் | பிரெஞ்சு தெரிந்தால் நன்றாக | இரண்டு பேர் கூலி | மூலம் கண்ணில் படாதது |
| நார்வே வழி | மிகக் குறைவு | ஆள் கிடைத்தால் கேட்கும் | ஆள் கூட இருந்தால் | அறிமுகத்தைப் பொறுத்து | பழைய மொழி, ஒத்த சொல் சறுக்கல் |
| மலகாஸி ஆள் | குறிப்பு எழுதினால் குறைவு | கேட்பார் | கூட இருக்கும் வரை | அதிகம் | குறைந்தபட்சக் கட்டணம், வட்டாரம் |

எண்கள் மட்டும் தனியாக

எந்த வழியில் போனாலும் எண்களை அதில் ஏற்றாதீர்கள். எழுபத்தைந்து டேனிஷில் 'ஃபெம் ஒ ஹல்ஃப்யெர்ஸ்': ஐந்தும், மூன்றரை இருபதும். மலகாஸியில் 'டீமி அம்பி ஃபிதுபுலு': எழுபதுக்கு மேல் ஐந்து. இரண்டிலும் ஐந்து முதலில் வருவது வேடிக்கையான ஒற்றுமை, நடுவில் வரும் ஆங்கிலம் அதைத் திருப்பிப் போட்டுவிடும். மடகாஸ்கர் சந்தையில் இன்னொரு சிக்கலும் சேரும். 2005-இல் பழைய மலகாஸி ஃபிராங்க் போய் அரியாரி வந்தது. ஒரு அரியாரிக்கு ஐந்து ஃபிராங்க். இன்றும் விலையைப் பழைய ஃபிராங்கில் சொல்பவர்கள் உண்டு. சொல்லைச் சரியாக மொழிபெயர்த்தும் ஐந்து மடங்கு கொடுத்துவிட்டு வரலாம். போன் கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், கையில் நோட்டை எடுத்து 'இதுவா' என்று காட்டுங்கள்.

கேட்டவர்களுக்கு என் பதில்

வனிலா வாங்கப் போகிறவருக்கு: செயலி, கூடவே பிரெஞ்சு தெரிந்த உள்ளூர் ஆள். வணக்கம், நன்றி, அஸஃபாடி மூன்றையும் சம்பாவா பக்கத்துக்காரர் ஒருவர் குரலில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். விலை, எடை, தேதி எல்லாம் எழுத்தில், எண்ணில். கிளம்பும் முன் உங்கள் செயலியில் மலகாஸியை இணையமில்லாமல் பயன்படுத்த இறக்கி வைக்க முடிகிறதா என்று வீட்டிலேயே விமானப் பயன்முறையைப் போட்டுச் சோதியுங்கள். அங்கே போய்ப் பார்க்க வேண்டாம்.

சபை வேலையாக மூன்று மாதம் தங்குகிறவருக்கு: நார்வே வழியில் ஒரு ஆளைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மலகாஸி ஆசிரியர். மூன்று மாதம் நாற்பது வாக்கியத்தோடு ஓட்ட முடியாது. வாக்கியம் வாங்குவதைவிட மொழியில் கொஞ்சம் வாங்குவது மலிவு.

மருத்துவமனை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே இந்த ஒப்பீடே செல்லாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்க வேண்டும், பிரெஞ்சு வழியாக வந்தாலும் சரி. டென்மார்க்கில் மூன்று ஆண்டுக்கு மேல் வசிப்பவரிடம் மருத்துவ மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் கேட்கும் விதி 2018 ஜூலையில் வந்தது. ஆகவே முன்பதிவு செய்யும்போதே கட்டணம் யார் தலையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பந்தி அம்மாவை எதிர்பார்த்திருப்பவருக்கு: இருபது வாக்கியம் எழுதுங்கள், குறிப்போடு. மருமகளைத் தொந்தரவு செய்யாமல் வெளி ஆளிடம் காசு கொடுத்துக் குரலில் பதிந்து வாங்குங்கள். மற்றதற்குச் செயலி. முதல் நாள் இரவு மேசையில் தட்டை வைத்துவிட்டு, போனைப் பார்க்காமல், "அண்டாவ் ஹிசகாஃபு இசிகா" என்று சொல்லுங்கள். தப்பாக உச்சரித்தாலும் பரவாயில்லை, கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.